“எனக்குப் படிப்பு வராது” என்று ஒதுங்கும் பிள்ளைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படிப்பில் பின்தங்கி, மனமும் விட்டுப்போன 12 முதல் 20 வயதுப் பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோரும் ஆசிரியர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிறவை இவை. கடைசிக் கேள்வி மட்டும் பிள்ளைகளே கேட்பது.

எந்நேரமும் படுத்தே கிடக்கிறான், புத்தகத்தைத் தொடுவதில்லை. இது சோம்பேறித்தனம்தானே?

பெரும்பாலும் இல்லை. சோம்பேறி என்றால் எல்லாவற்றிலும் சோம்பலாக இருக்க வேண்டுமே? அதே பையன் ஏதோ ஒரு விளையாட்டில் தோற்றுத் தோற்று மறுபடி மறுபடி ஆடுகிறானா என்று பாருங்கள். ஆடுகிறான் என்றால் உழைப்பு அவனிடம் இருக்கிறது. படிப்பில் அதைப் போட்டால் ஒன்றும் தேறாது என்று முடிவு கட்டிவிட்டான், அவ்வளவுதான்.

உளவியலில் இதைப் பற்றி ஒரு பழைய ஆய்வு உண்டு. 1967-இல் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மையர் இருவரும் வெளியிட்டது. என்ன செய்தாலும் நிறுத்த முடியாத மின் அதிர்ச்சிக்கு ஆளான நாய்களில் பெரும்பாலானவை, பிறகு எளிதில் தப்பிக்க வழி இருந்தபோதும் முயலாமல் அப்படியே படுத்துவிட்டன. இதற்குக் ‘கற்றுக்கொண்ட இயலாமை’ என்று பெயர் வைத்தார்கள். இதில் சுவாரஸ்யமான விஷயம், ஏறக்குறைய 50 ஆண்டு கழித்து, 2016-இல், அதே இருவரும் தங்கள் விளக்கத்தைத் தலைகீழாக மாற்றிக்கொண்டதுதான். நீண்ட துன்பத்தில் முடங்கிப் போவது உடம்பின் இயல்பான எதிர்வினை, அதைக் கற்க வேண்டியதில்லை. ‘நான் செய்தால் மாறும்’ என்பதைத்தான் கற்க வேண்டியிருக்கிறது என்றார்கள். முடங்கிக் கிடக்கும் பிள்ளையை வைத்திருப்பவர்களுக்கு இது உண்மையில் நல்ல செய்தி. அவனுக்குள் இருக்கும் எதையோ பிடுங்கி எறிய வேண்டியதில்லை. தான் செய்த ஒன்றால் ஒன்று மாறியது என்ற அனுபவம்தான் அவனுக்கு வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தேர்வில் தவறாக எழுதுகிற பிள்ளையைவிட, தாளை வெறுமையாகவே கொடுத்துவிட்டு வருகிற பிள்ளைதான் அதிகம் பயந்திருக்கிறது. படித்து எழுதி பெயிலானால் ‘மக்கு’ என்று ஆகிவிடும். படிக்காமலே பெயிலானால் ‘படிக்கலை’ என்பதோடு போய்விடும். இரண்டில் எது வலி குறைவு என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். வீட்டில் நாம் சோம்பேறி என்று திட்டும்போது அவனுக்கு ஒரு வகையில் நிம்மதிதான். உண்மையான பயத்தை யாரும் கண்டுபிடிக்கவில்லையே!

முதலில் தன்னம்பிக்கையை ஊட்டிவிட்டால் படிப்பு தானாக வராதா?

பலரும் இந்த வரிசையில்தான் போகிறார்கள். என் அனுபவத்தில் வரிசை நேர்மாறானது. ஒரு சின்ன விஷயம் நிஜமாகவே கைகூடுகிறது, அதிலிருந்து கொஞ்சம் நம்பிக்கை வருகிறது, அந்த நம்பிக்கையில் அடுத்ததைத் தொடத் தோன்றுகிறது.

உளவியலாளர் ஆல்பர்ட் பாண்டுரா 1977-இல் எழுதியதும் இதை ஒட்டித்தான் இருக்கிறது. ‘இதை என்னால் செய்ய முடியும்’ என்ற எண்ணம் நான்கு வழிகளில் வருகிறது என்றார் அவர்: தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்க வார்த்தை, அந்த நேரத்து உடல், மன நிலை. நான்கிலும் வலுவானது முதலாவது. நாம் நம்பியிருக்கும் ஊக்கப் பேச்சு அந்த வரிசையில் மூன்றாவது!

இந்த நம்பிக்கை பொத்தாம்பொதுவாகவும் இருப்பதில்லை. மேடையில் கூச்சமில்லாமல் பேசுகிற பெண்ணே கணக்கு வகுப்பில் குன்றிப்போய் உட்கார்ந்திருப்பாள். ‘நீ சாதிக்கப் பிறந்தவள்’ என்ற பேச்சைக் கேட்கும்போது உடம்பு சிலிர்க்கும். மறுநாள் இருபடிச் சமன்பாட்டைப் பார்த்ததும் அந்தச் சிலிர்ப்பெல்லாம் போன இடம் தெரியாது.

சரி, அந்த முதல் வெற்றிக்கு எங்கே போவது? அவன் எல்லாப் பாடத்திலும் பெயில்.

எல்லாப் பாடத்தையும் விடுங்கள். ஒரு பாடம், அதில் ஓர் ஓட்டை.

ஒன்பதாம் வகுப்பில் அல்ஜீப்ரா வரவில்லை என்று வருகிற பிள்ளைக்கு, பெரும்பாலும் அல்ஜீப்ரா பிரச்சினையே இல்லை. பின்னக் கணக்கில் எங்கோ வழுக்கியிருப்பான். அதற்கும் கீழே தோண்டினால் ஏழாம் வாய்ப்பாடு தடுமாறும். இது தெரியாமல் மேல் வகுப்புக் கணக்கையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுப்பது குருவி தலையில் பனங்காய் வைப்பதுதான்.

ஓட்டையைக் கண்டுபிடிக்கும் விதத்திலும் ஒரு பக்குவம் வேண்டும். உதாரணத்துக்கு, 1/2 + 1/3 = 2/5 என்று ஒரு பையன் எழுதியிருக்கிறான். மேலே உள்ளதை மேலேயும், கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டிவிட்டான். ‘தப்பு, மீச்சிறு பொது மடங்கு எடு’ என்று சொல்லிவிடலாம். சொன்னால் எழுதிக்கொள்வான், நாளைக்கு மறப்பான். அதற்குப் பதில் இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

“பாதியும் பாதியும் சேர்ந்தா எவ்வளவுடா?”
“முழுசு.”
“சரி, அதையே உன் வழியில போடு. 1/2 + 1/2.”
“ஒண்ணும் ஒண்ணும் ரெண்டு... ரெண்டும் ரெண்டும் நாலு. 2/4.”
“2/4-ன்னா எவ்வளவு?”

கொஞ்ச நேரம் தாளையே பார்ப்பான். பிறகு, “பாதி... அய்யோ, பாதியும் பாதியும் சேர்ந்து பாதியா?” என்று சிரிப்பான்.

இந்த இடத்தில் தப்பைக் கண்டுபிடித்தது அவன்தான். ‘எனக்கு மூளை இல்லை’ என்று இத்தனை நாள் நினைத்திருந்தவன், தன் மூளையாலேயே தன் வழி சரியில்லை என்று காட்டிவிட்டான். இப்போது சரியான வழியைச் சொன்னால் காது கொடுத்துக் கேட்பான்.

அதன்பின் கொடுக்கும் கணக்குகளில் பத்துக்கு ஏழெட்டு சரியாக வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பத்தும் சரியாக வந்தால் ‘எனக்குச் சின்னப்பிள்ளைக் கணக்கு கொடுக்கிறார்கள்’ என்று புரிந்துகொள்வான். மூன்றுதான் வருகிறது என்றால் பழைய கதை திரும்பிவிடும். ரொம்ப முக்கியமான இன்னொன்று: பதினாலு வயதுப் பையனிடம் நாலாம் வகுப்புப் புத்தகத்தை நீட்டாதீர்கள். அந்த அட்டையைப் பார்த்த நொடியே மனம் மூடிவிடும். அதே கணக்கை வெள்ளைத் தாளில் கையால் எழுதிக் கொடுங்கள்.

அப்படியென்றால் “உன்னால் முடியும்” என்று சொல்லவே கூடாதா?

சொல்லலாம். ஆனால் சாட்சியோடு சொல்லுங்கள். “போன வாரம் இந்த மாதிரி நாலு போட்டியே, இதுல ஒரு படிதான் கூட” என்றால் அதில் அவன் மறுக்க முடியாத ஒன்று இருக்கிறது. வெறும் “உன்னால் முடியும்” என்பதற்கு, “உங்களுக்கு என்ன தெரியும்?” என்று மனத்துக்குள் பதில் சொல்லிவிடுவான்.

2014-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மாணவர்களின் கட்டுரையைத் திருத்தி, கூடவே ஒரு குறிப்பு ஒட்டிக் கொடுத்தார்கள். ‘உங்களிடம் எனக்கு எதிர்பார்ப்பு அதிகம், அதை உங்களால் எட்ட முடியும் என்று தெரிந்துதான் இந்தத் திருத்தங்களைத் தருகிறேன்’ என்பது அதன் சாரம். அந்தக் குறிப்பு கிடைத்தவர்களில், முக்கியமாகப் பள்ளியின் மேல் நம்பிக்கை குறைந்திருந்த கறுப்பின மாணவர்களில், கட்டுரையை மறுபடி எழுதிக் கொண்டுவந்தவர்கள் அதிகம். குறிப்போடு நிஜமான திருத்தங்களும் இருந்தன என்பதை மறந்துவிட வேண்டாம். திருத்தாமல் குறிப்பை மட்டும் ஒட்டினால் அது வெறும் வாழ்த்து அட்டை.

எப்படிப் பாராட்டுவது? “நீ புத்திசாலி” என்றால் சந்தோஷப்படுகிறாளே.

அந்தச் சந்தோஷத்தில்தான் சிக்கல். உளவியலாளர்கள் கிளாடியா ம்யூலர், கேரல் ட்வெக் இருவரும் 1998-இல் வெளியிட்ட சோதனைகளில், பத்துப் பதினோரு வயதுப் பிள்ளைகளுக்குப் புதிர்கள் கொடுத்தார்கள். முடித்ததும் ஒரு பகுதியினரிடம் ‘புத்திசாலி’ என்றும், இன்னொரு பகுதியினரிடம் ‘நன்றாக உழைத்திருக்கிறாய்’ என்றும் சொன்னார்கள். அடுத்து வந்த கடினமான புதிர்களில் எல்லோரும் தடுமாறினார்கள். ‘புத்திசாலி’ என்ற பட்டம் வாங்கியவர்கள் சீக்கிரம் சோர்ந்தார்கள், அதன் பிறகு கொடுத்த எளிய புதிர்களில்கூட முன்பைவிடக் குறைவாகச் செய்தார்கள். தங்கள் மதிப்பெண்ணை மற்றவர்களிடம் கூட்டிச் சொன்னவர்களும் அவர்களில்தான் அதிகம். புத்திசாலிப் பட்டம் கிடைத்தால் அதைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறதே!

ஆகவே அவள் செய்ததைச் சொல்லுங்கள்: “படம் வரைஞ்சு பார்த்தியே, அது நல்ல யோசனை.” இதில் இன்னொரு பள்ளமும் இருக்கிறது. பதினைந்து வயதுப் பெண்ணிடம் “பரவாயில்லை, முயற்சி பண்ணினியே, அதுவே போதும்” என்று சொன்னால், ‘இவளால் இவ்வளவுதான்’ என்றுதான் அவள் காதில் விழும். பரிதாபமும் அப்படித்தான். திட்டுவதைவிட அது ஆழமாகக் குத்தும்.

‘வளர்ச்சி மனப்பான்மை’ வகுப்புக்கு அனுப்பினால் சரியாகுமா?

அறிவு பிறவியிலேயே நிர்ணயமானதல்ல, பயிற்சியால் வளரும் என்று பிள்ளை நம்புவதற்கு வைத்த பெயர் அது. மேலே சொன்ன ட்வெக்தான் இதைப் பரப்பியவர். கருத்து சரி, எதிர்பார்ப்புதான் அளவு மீறிப் போய்விட்டது. 2019-இல் வெளியான பெரிய ஆய்வில், அமெரிக்காவில் சுமார் 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவான இணையப் பயிற்சி கொடுத்தார்கள். மதிப்பெண் குறைந்த மாணவர்களின் சராசரி மதிப்பெண், 4 புள்ளிக்கு 0.1 புள்ளி அளவு கூடியது. செலவு மிகக் குறைவு என்பதால் இதுவும் லாபம்தான். ஆனால் முடங்கிய பிள்ளையை இது மட்டும் எழுப்பி உட்காரவைக்கும் என்று எண்ண வேண்டாம். சுவரில் போஸ்டர் ஒட்டுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

நல்ல மார்க் வாங்கினால் போன் வாங்கித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். சரியா?

ஏற்கெனவே விரும்பிச் செய்கிற ஒன்றுக்குப் பரிசு பேசினால் விருப்பம் குறையக்கூடும். 1973-இல் உளவியலாளர் லெப்பரின் குழுவினர், ஓவியம் வரைவதில் ஆசையுள்ள சிறு குழந்தைகளிடம் ‘வரைந்தால் சான்றிதழ்’ என்றார்கள். பிறகு அந்தக் குழந்தைகள் தாங்களாக வரையும் நேரம், பரிசு பேசப்படாத குழந்தைகளோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய பாதியாகியிருந்தது.

உங்கள் பிள்ளைக்கு விருப்பமே இல்லை என்கிறீர்கள், அதனால் குறைவதற்கு ஒன்றுமில்லை என்று வாதம் செய்யலாம். நியாயம்தான். அப்படியானால் பரிசை மார்க்கோடு கட்டாமல், அவன் கையில் இருக்கும் வேலையோடு கட்டுங்கள். பொருளாதார ஆய்வாளர் ரோலண்ட் ஃப்ரையர் பல அமெரிக்க நகரங்களில் மாணவர்களுக்குப் பணமே கொடுத்துப் பார்த்து, 2011-இல் முடிவுகளை வெளியிட்டார். நல்ல மதிப்பெண்ணுக்குப் பணம் என்ற இடங்களில் தேர்வுத் திறன் கூடவில்லை. ஒரு புத்தகம் படித்து முடித்தால் பணம் என்ற இடத்தில், ஆங்கிலம் பேசும் மாணவர்களிடம் மட்டும் வாசிப்புத் திறன் கூடியது. மார்க் வாங்க எல்லோருக்கும் ஆசை இருந்தது, எப்படி வாங்குவது என்றுதான் தெரியவில்லை என்பது இதற்குச் சொல்லப்படும் ஒரு விளக்கம்.

மற்ற பிள்ளைகளோடு ஒப்பிட்டால் ரோஷம் வந்து படிப்பான் இல்லையா?

ரோஷம் வரும், படிப்பு வராது. அந்தப் பிள்ளையின் மேல் வெறுப்பும், உங்கள் மேல் கசப்பும்தான் மிஞ்சும். ஒப்பிட்டே ஆக வேண்டும் என்றால் அவனுடைய மூன்று மாதத்துக்கு முந்தைய நோட்டை எடுத்து வைத்து ஒப்பிடுங்கள். முன்மாதிரி காட்டுவதற்கும் முதல் ரேங்க் மாணவர் வேண்டாம். போன வருடம் பெயிலாகி, இந்த வருடம் தட்டுத்தடுமாறிப் பாஸான அண்ணனோ அக்காவோ பத்து நிமிடம் பேசினால் போதும். எப்படித் தேறினேன் என்று அவர்கள் சொல்வது இவனுக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கும்.

மணிக்கணக்கில் படிக்கிறாள், தேர்வில் எல்லாம் மறந்துவிடுகிறது. மூளையில் கோளாறா?

படிக்கும் முறையில் கோளாறு. பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தால் எழுத்துகள் பழகிப்போகும். பழகியதை ‘தெரிந்தது’ என்று மனம் எடுத்துக்கொள்ளும். ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006-இல் இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியைத் திரும்ப வாசித்தவர்கள், ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள்.

வீட்டில் செய்வதற்கு இது எளிது. ஒரு பக்கம் வாசித்ததும் மூடிவிட்டு, நினைவில் இருப்பதை எழுதச் சொல்லுங்கள். முதலில் இரண்டு வரிதான் வரும், அழுகைகூட வரலாம். புத்தகத்தைத் திறந்து, விடுபட்டதைப் பார்த்து, மறுநாள் ஒரு முறை, மூன்று நாள் கழித்து ஒரு முறை மறுபடி மூடி எழுத வேண்டும். ‘மண்டையில் ஏறவில்லை’ என்று தன்னையே நொந்துகொள்ளும் பிள்ளைகளில் நிறையப் பேர் இந்த ஒரு விஷயம் தெரியாமல்தான் நொந்துகொள்கிறார்கள் என்பது என் எண்ணம். 13 முதல் 18 வயது வரை எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கமும் வேண்டும். விடிய விடியப் படித்தால் நினைவாற்றல்தான் அடி வாங்கும்.

போனைப் பிடுங்கிவிடலாமா?

படிக்கும் அரை மணி நேரம் அடுத்த அறையில் இருக்கட்டும், உங்கள் போனும் சேர்த்து. அவனுக்குத் தோல்வியே தராத ஒரே இடம் அதுதான் என்னும்போது, பிடுங்கியதும் சண்டைதான் வரும்.

எனக்கே அந்தப் பாடம் தெரியாது. நான் எப்படி உதவ?

தெரியாமல் இருப்பது பல நேரம் வசதி. “எனக்குப் புரியல, நீ எனக்குச் சொல்லிக்கொடு” என்று நிஜமாகவே உட்காருங்கள். சொல்லிக்கொடுக்கும்போதுதான் எந்த இடத்தில் தனக்கே தெரியவில்லை என்று அவனுக்குத் தெரியும். நடுவில் அறிவுரை கூடாது. அது கொஞ்சம் கஷ்டம், தெரியும்!

பேசப் போனாலே கதவைச் சாத்திக்கொள்கிறான்.

எதிரே உட்கார்ந்து பேசாதீர்கள். நடந்துகொண்டோ வேறு ஏதாவது வேலை செய்துகொண்டோ, பக்கத்தில் இருந்து பேசுங்கள். கொஞ்ச காலத்துக்கு மார்க் என்ற சொல்லே வேண்டாம். பிறகு “ஏன் படிக்கல?” என்று கேட்காமல், “எந்த வகுப்புல இருந்து கஷ்டமாச்சு?” என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு அவனிடம் சாக்குதான் இருக்கும். இரண்டாவதற்குப் பெரும்பாலும் துல்லியமான பதில் இருக்கும்: பள்ளி மாறிய வருடம், உடம்பு சரியில்லாமல் போன மாதம், எல்லார் முன்னாலும் ஓர் ஆசிரியர் சொன்ன ஒரு வார்த்தை.

எப்போது மருத்துவரையோ நிபுணரையோ பார்க்க வேண்டும்?

பேச்சில் படு கெட்டிக்காரன், ஆனால் வாசிக்கும்போது மட்டும் எழுத்து எழுத்தாகத் திணறுகிறான் என்றால் டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று பரிசோதியுங்கள். அதற்கு முன் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள். கரும்பலகை சரியாகத் தெரியாமலே வருடக்கணக்கில் ‘கவனமில்லாத பிள்ளை’ என்று பெயர் வாங்கியவர்கள் உண்டு.

படிப்பில் மட்டுமின்றி, முன்பு ஆசைப்பட்டதிலும் நாட்டம் போய், இரண்டு வாரத்துக்கு மேல் சோகமாகவோ எரிச்சலாகவோ இருந்தால், தூக்கமும் பசியும் மாறியிருந்தால், அது மனச்சோர்வாக இருக்கலாம். மனநல மருத்துவரைப் பாருங்கள். சாவைப் பற்றிப் பேசினாலோ எழுதினாலோ தள்ளிப்போடவே கூடாது. “செத்துப்போகணும்னு தோணுதா?” என்று நேராகவே கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அன்றைக்கே உதவி தேடுங்கள், பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். தேர்வு, மார்க் எல்லாம் அப்புறம்.

எவ்வளவு நாளில் மாற்றம் தெரியும்?

மார்க்கில் பார்த்தால் மாதங்கள் ஆகும். பல வருட ஓட்டை என்றால் ஒரு வருடமும் ஆகலாம். ஆனால் பேச்சில் சீக்கிரமே தெரியும். ‘கணக்கு வராது’ என்றவன், ‘இந்த மூணாவது வரி மட்டும் புரியல’ என்று சொன்னால் பாதிக் கிணறு தாண்டிவிட்டான். நடுவில் ஒரு தேர்வில் மறுபடி சறுக்குவான். அன்றைக்கு வீட்டில் என்ன பேசுகிறீர்கள் என்பதை முன்பே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு மாலையில் பழைய கோபத்தைக் கொட்டினால் மூன்று மாத உழைப்பு வீண்.

நான்தான் அந்தப் பிள்ளை. எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

உனக்குக் கொஞ்சமாவது பிடித்த, அல்லது வெறுப்பு குறைவாக இருக்கிற ஒரு பாடத்தை எடு. ‘நாளையிலிருந்து நன்றாகப் படிப்பேன்’ என்று சபதம் எல்லாம் வேண்டாம். ‘குளித்து முடித்ததும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கணக்கு போடுவேன்’ என்று நேரமும் இடமும் சேர்த்து முடிவு செய். இப்படி முடிவு செய்பவர்கள்தான் அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்று ஆய்வுகளும் சொல்கின்றன. பதினைந்து நிமிடம் ஆனதும் எழுந்துவிடு, ஆசையாக இருந்தாலும் எழுந்துவிடு.

எங்கே சிக்குகிறதோ அந்த வரியை அப்படியே ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் ‘இதிலிருந்து இது எப்படி வந்தது?’ என்று எழுது. ஆசிரியரிடம் போய் “ஒண்ணுமே புரியல” என்றால் அவருக்கும் எங்கே தொடங்குவது என்று தெரியாது. அந்தத் தாளை நீட்டினால் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவார். வகுப்பில் எல்லார் முன்னாலும் கேட்கக் கூச்சமாக இருந்தால், வகுப்பு முடிந்ததும் கேள். அவர் எரிந்து விழுந்தால், அதே தாளோடு வேறு ஆசிரியரிடமோ மேல் வகுப்பு அக்காவிடமோ போ.